அடுத்த வீட்டில் இருக்கும் இரண்டாம் பாகம்

வெகுதானிய வருஷம், ஆடி 4

மனசைப் பற்றிய புஸ்தகத்தில் நாற்பத்தாறாம் பக்கம் வந்துவிட்டேன். இரண்டே வருஷம் பள்ளிக்கூடம் போனவள், நாற்பத்தாறு பக்கம். அரிமளத்தில் வேறு எந்தப் பொம்பளை படித்திருக்கிறாள், சொல்லட்டும்.

மகன் சிவசாமி தன் பேருக்கு வாசகசாலையில் எடுத்து வந்தது. நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இதுல கதையே இல்லையே ஆத்தா" என்று வைத்துவிட்டான். கதை எதற்கு? மனுஷன் ஏன் கோபப்படுகிறான், ஏன் பொய் சொல்கிறான், ஏன் அடுத்தவன் வாழ்ந்தால் வயிறெரிகிறான், எல்லாம் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வருஷமாக நான் பார்த்து வைத்திருப்பதை யாரோ ஒரு படித்தவர் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். சில இடத்தில் எனக்கு அவரைவிடக் கூடவே தெரியும்.

ஓரத்தில் பென்சிலால் பேர் எழுதி வைக்கிறேன். பொறாமை என்ற இடத்தில் நாத்தனார். வீண் பெருமை என்ற இடத்தில் மருமகள் மீனம்மாள். மூன்று இடத்தில் தெய்வானை.

ஆடி 5

கோபம் என்பது பயம் போட்டுக்கொள்ளும் வேஷமாம். சிவசாமியின் அப்பாவை நினைத்துக்கொண்டேன். சரிதான்.

ஆடி 9

வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் முத்துராமன் வாசலில் வந்து நின்றான்.

"அப்பத்தா, ரெண்டு மாசமாச்சு. முதல் பாகத்தக் குடுங்க."

"இன்னும் முடிக்கலையே."

"அடுத்த வீட்டுலயும் இதையேதான் சொல்றாங்க. அவுங்ககிட்ட ரெண்டாம் பாகம் கெடக்கு. முதல் பாகம் படிக்காம அது வெளங்கலையாம், அதுக்காகத் திருப்பித் தராம வச்சிருக்காங்க. இங்கிட்டும் அங்கிட்டும் நடந்து என் செருப்புத்தான் தேயுது."

அடுத்த வீடு என்றால் தெய்வானை. இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். முப்பத்தொரு வருஷமாகப் பேச்சில்லை. அவளுக்கும் மனசுப் புஸ்தகமா! என்ன புரியும் அவளுக்கு?

"அவ முதல்ல குடுக்கட்டும்" என்றேன்.

"அவுங்களும் அப்புடித்தான் சொன்னாங்க அப்பத்தா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு போனான்.

ஆடி 10

இன்று படித்த பக்கத்தை மூடி மூலையில் எறிந்தேன். பிறகு நானே எழுந்து போய் எடுத்தேன்.

எழுதியிருக்கிறது: பழைய நினைவு, நடந்ததன் படமன்று, எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் அதைத் தொட்டுத் திருத்தி வைக்கிறது.

யாருடைய மனம்? இந்தத் தெருவில் ஜாதகத்தைக் கரையான் தின்றுவிட்டால் யாரிடம் வருகிறார்கள்? எந்தப் பிள்ளை எந்த மாசம், என்ன தேதி, விடியலா அந்தியா, எல்லாம் என் நாக்கில் இருக்கிறது. ஒரு தடவை தப்பியதுண்டா? இந்த மனுசன் என்னையப் பாத்திருந்தா இப்புடி எழுதியிருப்பானா? எழுதத் தெரிஞ்சவன்னா எதையும் எழுதிடுறதா?

ஆடி 13

முத்துராமன் மறுபடி வந்தான். புஸ்தகத்துக்கு இல்லை. தெய்வானையின் மகன் மலையாண்டி இன்ஷூரன்ஸ் போடப் போகிறானாம், பிறந்த தேதி வேண்டுமாம். அவளுக்கு வருஷம் தெரிகிறது, தேதி தெரியவில்லை.

"பெத்தவளுக்கே தெரியலயா?"

"ஒங்களக் கேட்டா நிச்சயமா இருக்கும்னு அவுங்களேதான் சொல்லி விட்டாங்க அப்பத்தா."

அப்படி வா வழிக்கு. பிலவங்க வருஷம், ஆவணி 14, பொழுது கிளம்புகிற நேரம். குலவைச் சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. அவன் எழுதிக்கொண்டான். நானும் இங்கே எழுதி வைக்கிறேன். ஞாபகம் திருத்துமாமே, இதைத் திருத்தட்டும்.

ஆடி 15

அந்த அதிகாரத்தின் கடைசியில் ஒரு பரீட்சை கொடுத்திருக்கிறது. மிகவும் உறுதியாக நினைவிருக்கும் ஒரு நாளை யாரையும் கேளாமல் எழுத வேண்டும். பிறகு அன்று இருந்த ஒருவரிடம், நம் பதிலைச் சொல்லிவிடாமல் கேட்டு, இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். புஸ்தகத்தின் மூக்கை உடைக்க இதைவிட என்ன வேண்டும்? எழுதுகிறேன்.

பிலவங்க வருஷம், ஆவணி 22. என் தலைச்சன் பிள்ளை அழகம்மாள் மூன்று நாள் காய்ச்சலில் விடியற்காலை போய்விட்டாள். ஒன்பது மாதம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கதவோரம் தெய்வானை நின்றாள். "பொட்டப் புள்ளதானே, போனாப் போகுது. அடுத்தது ஆம்பளப் புள்ளயா வரும்" என்றாள். எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

அன்று முடிந்தது. அவள் மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவள் வீட்டில் நெருப்பு வாங்கியதில்லை. அவள் புருஷன் செத்தபோது தெருவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இதில் எந்த எழுத்தைத் திருத்தும் மனம்?

ஆடி 17

நேற்று எழுத உட்கார்ந்து முன்பக்கத்தைப் புரட்டினேன். புரட்டியிருக்க வேண்டாம்.

ஆவணி 14 மலையாண்டி பிறந்தான். ஆவணி 22 என் பிள்ளை போனாள். ஒரு தாளின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், என் கையெழுத்து.

எட்டு நாள்.

பிள்ளை பெற்று முப்பது நாள் ஆகாதவள் இழவு வீட்டு வாசலை மிதிப்பாளா? எந்த ஊரில் மிதிப்பாள்? மிதிக்க விட்டுவிடுவார்களா? சிசுவுக்கு ஆகாதென்று அவள் மாமியார் குறுக்கே படுத்திருப்பாள். இரண்டும் எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷமாக இரண்டும் ஒரே தலைக்குள் கிடந்தன. ஒன்றை ஒன்று பார்க்கவில்லையே.

தேதி தப்பா? தேதி தப்பாது. அப்ப யாரு நின்னது? யாரு சொன்னது?

ஆடி 18

மலையாண்டியைப் பிரசவம் பார்த்த மருதாயி இன்னும் இருக்கிறாள். கண்தான் மங்கல். அவள் குடிசைக்கு நானே நடந்து போனேன். புஸ்தகம் சொன்னபடி, எந்தப் பேரையும் எடுத்துக் கொடுக்கவில்லை. வக்கீல்கூட இவ்வளவு சுத்தமாகக் கேட்டிருக்க மாட்டான்.

"மருதாயி, என் மூத்த புள்ள போன அன்னிக்கு நீ எங்க இருந்த?"

"தெய்வானையம்மா வீட்டுலதான் தாயி. பச்ச ஒடம்பு, நாந்தான் தொணைக்குக் கெடந்தேன். சேதி கேட்டு ஓடியாந்து ஒங்க வாசலோட நின்னேன்."

"கதவோரம் நின்னு ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னாளே. யாரு?"

வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியாதா தாயி?"

"நீ சொல்லு."

"ஒங்களப் பெத்தவுகதான். பொட்டப் புள்ளதானேன்னு சொன்னாக. சொல்லிட்டு, தலையக் கதவுல முட்டி முட்டி அழுதாக. நாந்தான் புடிச்சேன்."

ஆடி 19

சமைக்கவில்லை. மீனம்மாள் கேட்டாள், தலைவலி என்றேன்.

ஆடி 20

புஸ்தகத்தில் முன்பு படித்த பக்கம் ஒன்றைத் தேடி எடுத்தேன். நாம் வெறுக்க முடியாத ஒருவர் நம்மை நோகடித்தால், மனம் அந்த நோவைக் கொண்டுபோய் வெறுக்க முடிந்தவர் தலையில் ஏற்றிவிடும் என்று இருக்கிறது. அதன் ஓரத்தில் நான் "மீனம்மாள்" என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறேன்.

என் ஆத்தா என்னைப் பெற்றவள். அந்த வருஷமே தைக்குள் அவளும் போய்விட்டாள். அவளை எப்படி வெறுக்கிறது? பக்கத்து வீட்டில் ஆண்பிள்ளை பெற்றுக்கொண்டு ஒருத்தி இருந்தாள். தோதாக இருந்தாள்.

பேரை அழித்தேன். என் பேரை எழுதினேன்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இந்த ஊரில் அடுத்தவர் தப்பைப் பிடிக்காதவர் கிடையாது. தன் தப்பை, அதுவும் முப்பத்தொரு வருஷத் தப்பை, ஒருவர் சொல்லாமல் தானே பிடித்தவள் நான்தான். தேதி இரண்டும் சரியாக இருந்ததால்தானே பிடித்தேன்? புஸ்தகம் ஜெயித்தது. நானும் தோற்கவில்லை.

ஆனால் பிடித்தால் போதுமா? அவளிடம் சொல்ல வேண்டாமா? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

எனக்குத் தெரியுமே.

ஆடி 23

காலையில் முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவள் முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் அரிவாள்மணையை அப்படியே விட்டு எழுந்து நின்றாள்.

நின்றபடியே சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. என் ஆத்தா பேரையும் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இத்தன வருசமும் நான் சொன்னேன்னா இருந்தீங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அக்கா."

"கேக்குற பழக்கம் எனக்கில்ல."

"அது ஊருக்கே தெரியும்" என்றாள். அவள் வாய் அப்படியேதான் இருக்கிறது.

பிறகு உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்க புள்ள போச்சு, எம்புள்ள நின்னுச்சு. அவன் அழுவுற சத்தம் ஒங்களுக்குத் தாங்கலன்னு நெனச்சேன். அதான் நானும் மூஞ்சியக் காட்டல. அவன் அழுதா சுவத்துப் பக்கத்துலேருந்து தூக்கிட்டுக் கொல்லைக்கு ஓடுவேன்."

ஒரு கை புளியை இழுத்து வைத்துக்கொண்டு நானும் கொட்டை எடுத்தேன்.

ஆவணி 2

மத்தியானத்தில் அவள் வீட்டில் படிக்கிறோம். அவள் எழுத்துக்கூட்டுவதற்குள் வெயில் இறங்கிவிடும், அதனால் நான்தான் வாசிக்கிறேன். பத்துப் பக்கம் ஆயிற்று. முத்துராமன் இன்று வந்து, இரண்டு பாகமும் ஒரே மடியில் இருப்பதைப் பார்த்து, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிப் போனான்.

ஆவணி 22

இன்று வாசிக்கவில்லை. நான் சொல்லாமலே அவளுக்குத் தேதி தெரிந்திருந்தது. காப்பி கொடுத்தாள். அப்புறம், கேட்காமலே ஒன்று சொன்னாள்.

அழகம்மாளைத் தொட்டிலில் விட்டுவிட்டு நான் தண்ணீருக்குப் போவேன். ஊருணி தூரம். அது அழும். அப்போது நிறைமாசமாக இருந்த தெய்வானை வந்து தூக்கிக்கொள்வாளாம். மடியில் இடமில்லை, வயிற்றின் மேலேயே சாய்த்துக்கொள்வாளாம். உள்ளே மலையாண்டி உதைப்பானாம். ஒவ்வொரு உதைக்கும் என் பிள்ளை தலையைத் தூக்கி அவள் வயிற்றைப் பார்த்துச் சிரிக்குமாம். அப்படியே தூங்கிப்போகுமாம். நான் குடத்தோடு வரும் சத்தம் கேட்டதும் தொட்டிலில் போட்டுவிடுவாளாம்.

எனக்கு இது தெரியாது. என் ஞாபகத்தில் இது கிடையவே கிடையாது.

இரண்டாம் தடவை சொல்லச் சொல்லி, தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.