படத்தில் குடித்த அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. போன் செய்தால் உன் மேனேஜர்தான் எடுக்கிறார். அதனால்தான் கடிதம்.

உன் வாழ்க்கையைப் படமாக எடுத்திருக்கிறார்களே, குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். அப்பா காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு தயார். டிக்கெட் கிழிப்பவரிடம், "அந்தப் பிளேயரோட அப்பா நான்தாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

படத்தில் நான் இல்லவே இல்லை. உனக்கு அக்காவே பிறக்கவில்லை போலிருக்கிறது. போகட்டும். படத்து அம்மா முதலிலிருந்து கடைசிவரை மூக்கைச் சிந்திக்கொண்டே இருக்கிறாள். உன் கோச்சையே ஒரே அதட்டலில் அடக்கிய நம் அம்மா! அதையும் விட்டுவிடுகிறேன்.

ஆனால், குடித்துவிட்டுத் தள்ளாடி வந்து உன்னைப் பெல்ட்டால் விளாசுகிறாரே, உன் பூட்ஸைத் தீயில் போடுகிறாரே, அது யார் அப்பா? நம் அப்பா டெப்போவில் பஸ்ஸை விட்ட கையோடு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், நீ ஆடுவதைப் பார்க்க மைதானத்துக்கு ஓடி வந்தவர். பஸ்ஸில் யாராவது குடித்துவிட்டு ஏறினாலே கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்.

இடைவேளையில் பக்கத்து சீட்டு அம்மாள் அவரிடமே, "பாவம் அந்தப் பையன், இப்படியும் ஒரு அப்பனா?" என்றாள். அப்பா, "ஆமாங்க" என்றார்.

வெளியே வந்து நான் கொதித்தேன். "விடும்மா, படம்னா ஒரு வில்லன் வேணுமில்ல. உன் தம்பி என்ன பண்ணுவான்?" என்று அப்பா என்னைச் சமாதானப்படுத்தினார். டைரக்டர் இஷ்டத்துக்கு எடுத்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு டிவியில் உன் பேட்டி வந்தது. இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா என்று கேட்கிறார்கள். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒவ்வொரு சீனும் நிஜம்" என்கிறாய். வாய் கூசவில்லையாடா உனக்கு? கைதட்டல் போதாதென்று பரிதாபமும் வேண்டியிருந்ததா?

போன வாரம் டெப்போவில் அப்பாவுக்குப் பிரிவு உபசார விழா. உடன் வேலை பார்த்த கண்டக்டர் வண்ணக் காகிதம் சுற்றி ஒரு பாட்டிலைப் பரிசாக நீட்டி, "இனிமே எங்களுக்குத் தெரியாம குடிக்க வேணாம்ணே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நான் அவனை எப்பவாவது அடிச்சேனா? எனக்குத்தான் மறந்துபோச்சா? அவன் பொய் சொல்ற பிள்ளை இல்லியே."

இல்லப்பா என்று நானும் சொன்னேன், அம்மாவும் சொன்னாள். நாங்கள் ஆறுதலுக்குச் சொல்கிறோமாம். யாரைப் பார்த்தாலும் முகம் கொடுத்துப் பேசாமல் நகர்ந்துவிடுகிறார்.

எனக்கு நீ ஒரு விளக்கமும் சொல்ல வேண்டாம். என் கோபம் என்னோடு இருக்கட்டும். நீ கிளம்பி வா. கேமராக்காரர்கள் யாரும் வேண்டாம், தனியாக வா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க என்னை அடிச்சதே இல்லப்பா" என்று உன் வாயால் சொல். நம்பாமல் மறுபடி கேட்பார். மறுபடியும் சொல்.

யாருக்கு எழுதுகிறாய் என்று இப்போதுதான் கேட்டார். உனக்கு என்றேன். "அவன்கிட்ட கோவமா எதுவும் எழுதிடாதே. அடிபடாம ஆடச் சொல்லு" என்றார்.

எழுதிவிட்டேன். அடிபடாமல் ஆடு.

உன் அக்கா