யானை பார்க்கப் போன அக்கா

வில்லரே, மொன்றியல்
18 ஓகஸ்ட் 2006

அன்புள்ள தம்பி கிருபானந்தனுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். லண்டனில் நீயும் தக்ஷினியும் பிள்ளை சாம்பவியும் சுகமாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை தொடக்கம் டவுன்டவுன் ஹோட்டலில் பழையபடி துணி தோய்க்கும் வேலை. ஆபிரிக்கா எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்லது என்கிறேன். அது உன் மரியாதைக்காகச் சொல்லும் பொய்.

"அக்கா, உங்கட ஐம்பதாவது பிறந்தநாளுக்கு யானை, சிங்கம் எல்லாம் காட்டப் போறன்" என்று சொல்லித்தானே என்னைத் தன்சானியாவுக்குக் கூப்பிட்டாய்? சின்னப் பிள்ளைகளை அந்தக் காட்டு விடுதிக்காரர் மிருகம் பார்க்கப் போகும் ஜீப்பில் ஏற்றமாட்டார்கள் என்பது உனக்கு முன்பே தெரியும். எனக்குத் தெரியாது. காலையும் பின்னேரமும் நீங்கள் இரண்டு பேரும் உன் ஆஸ்பத்திரி டொக்டர்மாரோடு ஜீப்பில் போனீர்கள். நான் நாலு வயதுப் பிள்ளையோடு கூடாரத்தில் இருந்தேன். குளியல்தொட்டியும் பஞ்சு மெத்தையும் உள்ள கூடாரம்தான். ஆனால் மூன்று நாளில் நான் கண்ட மிருகம், கூரையில் ஓடிய ஒரு குரங்கு.

அதையும் பொறுத்தேன். ஆனால் எனக்கு மட்டும் ஏன் பின்பக்கத்தில், வேலையாட்களோடு சாப்பாடு வைக்கிறார்கள் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் நீ நிரப்பி அனுப்பிய படிவத்தைக் காட்டினாள். என் பெயருக்கு நேரே ‘நானி’ என்று எழுதியிருந்தாய். பிள்ளை பார்க்கும் வேலைக்காரி. உன்னிடம் வந்து கேட்டபோது, கமராவைத் துடைத்தபடி, "அப்பிடிப் போட்டால்தான் அக்கா, பிள்ளையின்ர அறையில கட்டில் தருவினம்" என்றாய்.

அன்று இராச்சாப்பாட்டுக்கு நான் காஞ்சிபுரம் உடுத்து, சாம்பவியையும் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் மேசையில் இருந்தேன். உன் பெரிய டொக்டரின் மனைவி, இவர் உங்களிடம் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று உன்னிடம் கேட்டாள். நீ சிரித்துக்கொண்டு, கனகாலம் என்றாய். தம்பி, எனக்கு இங்கிலீஷ் விளங்கும். நான் இவரின் அக்கா, இவரை இவருடைய ஒன்பது வயதிலிருந்து வளர்த்தவள் என்று நானே சொல்ல வேண்டியிருந்தது.

பேந்து, சாப்பாடு முடிந்ததும், தக்ஷினி, "எல்லாருக்கும் முன்னால இவரை அவமானப்படுத்திப் போட்டியள் மச்சாள்" என்றாள். அவமானப்பட்டது யார்? உன் படிப்புக்காக நான் கலியாணம் கட்டாமல் இருந்ததைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. அது நான் விரும்பிச் செய்தது. அப்படிச் செய்தவளை வேலைக்காரி என்று எழுத உன் கை எப்படித் துணிந்தது?

டெலிபோன் எடுக்காதே. நீ "அக்கா" என்பாய், நானும் பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன். இந்த முறை அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆறுதலாக இருந்து, உன் கையால் கடிதம் எழுது.

சாம்பவிக்கு விடியப்புறத்தில் இருமல் வருகிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நெஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தடவி விடு. மாமி எங்கே என்று அவள் கேட்டால், வேலை முடிந்து போய்விட்டா என்று மட்டும் சொல்லாதே. தன் வீட்டுக்குப் போயிருக்கிறா என்று சொல்லு.

பிள்ளையார் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும்.

உன் அக்கா,
இந்திராதேவி