இச்சிக்குச் சுற்றிய கம்பி

கண்ணு,

சேந்தமங்கலத்தில் ஒரு சுவரிடுக்கிலிருந்து பிடுங்கி, மலைப்பாதை வளைவுக்கு வளைவு மடியில் அணைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாயே, அந்த இச்சிக் கன்று இன்னும் உன் போன்சாய் தட்டுத்தொட்டியில்தான் இருக்கிறது. முழ உயரத்துக்குள் முழு மரம்.

“இச்சி ஊட்டுக்குள்ள இருந்தா குடி நிக்காதுங்க, வீசிப்போடுங்க” என்றாள் உன் அம்மா. நீ அந்த மோகன்ராஜைக் கட்டிக்கொண்டு போன பிறகு அவள்தான் தினமும் தண்ணீர் தெளிக்கிறாள்.

கிளை வளைய நீ சுற்றிய கம்பியை ஆறு மாதத்தில் அவிழ்க்கச் சொல்லியிருந்தாய். உன் கை சுற்றியது என்று விட்டுவிட்டேன். பட்டைக்குள் இறங்கிவிட்டது. நேற்று அறுத்தெடுத்தேன், பால் வடிந்தது.

இனி வேர் வெட்டி மண் மாற்ற வேண்டும். வெட்ட எனக்குத் தெரியும், நீ கட்டிக்கொண்டு போன அன்று நீயே பார்த்தாய். பிழைக்கிற மாதிரி வெட்டத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சோளக்காட்டு பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். மலை வளைவு மாப்பிள்ளைக்குத் தலைசுற்றும். முன்சீட்டில் உட்காரச் சொல்.

அப்பா