கலாஸ் எண்டால் கலாஸ்

அக்கா,

இன்று காலை டூட்டி முடிந்து ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஃபஹாஹீல் திரும்பிக்கொண்டிருந்தபோது போன் துள்ளியது. உங்களுக்குப் பிறந்தநாளாம். வாழ்த்துச் சொல்லி உங்களை மகிழ்விக்க வேண்டுமாம். கீழே ஒரு கேக், சுற்றிலும் பலூன். யாழ்ப்பாணத்தில் உங்கள் ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது என்று அந்தப் பெரிய சமூக வலைத்தளத்துக்கு யார் சொல்வது? எனக்கு அழுகை பாதி, ஆத்திரம் பாதி வந்தது. பக்கத்து சீட்டு மலையாளி நர்ஸ் என்ன என்று கேட்டாள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நாம் இரண்டு பேரும் பழகியதே அந்தத் தளத்தில்தான். இந்த அரபு நாட்டிலுள்ள தமிழ்ப் பெண்களுக்கென்று நீங்கள் அங்கே ஒரு குழு நடத்தினீர்கள். ரூம் தேடுகிறவர்கள், ஊருக்குப் போகிறவரிடம் மருந்து கொடுத்துவிட நினைப்பவர்கள், ரத்தம் வேண்டும் என்று பதறுகிறவர்கள் எல்லாரும் வந்து எழுதுவார்கள். காரியம் முடிந்ததும் கீழே 'கலாஸ்' என்று போட வேண்டும். அதற்குமேல் யாரும் அதைத் தோண்டக் கூடாது. அரபிக்காரர்களிடம் வாங்கிய அந்தச் சொல்லை நீங்கள் யாழ்ப்பாணத்துச் சொல்லாகவே ஆக்கிவிட்டீர்கள். யாராவது முடிந்த கதையை இழுத்தால், "கலாஸ் எண்டால் கலாஸ். சும்மா அலட்டாதையுங்கோ" என்று ஒரே போடு.

ஆனால் அந்தச் சொல்லே நம்மைக் கவிழ்த்தது. நம் பெண்கள் நல்ல மனசுக்காரிகள். ஒருத்தி கலாஸ் போட்டால் சந்தோஷத்தில் பத்துப்பேர் கலாஸ் போடுவார்கள். பெரிய தளத்துக்கு அந்தச் சொல்லின் அர்த்தமா தெரியும்? பேச்சு சூடுபிடிக்கிறது என்று நினைத்து அந்தப் பதிவை மறுபடி மறுபடி மேலே தூக்கி வைத்தது. மூட மூடத் திறந்துகொள்ளும் கதவு அது. பெட்டியில் மூன்று கிலோ இடம் இருக்கிறது என்று எழுதிய திருகோணமலை அக்கா ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகும், ஊறுகாய்ப் பாட்டிலோடு ஒருத்தி அவர் வாசலில் நின்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே.

செல்வி விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. ஹட்டனிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண். அம்மாவுக்கு முடியவில்லை, மேடம் லீவு தர மாட்டேன் என்கிறார், என்ன செய்வது என்று எழுதினாள். நீங்களே போய் மேடத்திடம் பேசினீர்கள். அவரும் இறங்கி வந்து டிக்கெட் போட்டுக் கொடுத்தார். உடனே குழு முழுக்கக் கலாஸ், கலாஸ். அந்தப் பதிவு ஏறி ஏறி, மேடத்தின் தங்கை வீட்டு டிரைவர் போனில் போய் நின்றது. அவர் எங்கள் தமிழ்நாட்டு ஆள். 'என் மேடத்துக்கு மனசே இல்லை' என்று செல்வி ஆரம்பத்தில் எழுதியிருந்த வரியை விளையாட்டாக அந்தத் தங்கையிடம் அரபியில் சொல்லிவிட்டார். அவள் போன் பறிபோனது. லீவும் போனது. நீங்கள் மறுபடி நடையாய் நடந்து கெஞ்சி அவளை அனுப்பியபோது, அம்மாவை அடக்கம் செய்துவிட்டார்கள்.

அன்று கடற்கரையில் வைத்துச் சொன்னீர்கள்: "இந்தக் கடையிலை எங்களுக்கு இனி அலுவல் இல்லை, பிள்ளை. வேறை இடம் பாப்பம்."

நீங்கள்தான் அந்தச் சின்னத் தளத்தைக் கண்டுபிடித்தீர்கள். எழுதியது எழுதிய வரிசையிலேயே இருக்கும். நாம் சேர்த்தவர்கள் மட்டுமே பார்ப்பார்கள். எழுதியவளே கலாஸ் என்று போட்டுப் பூட்டிக்கொள்ளலாம். நான்தான் முணுமுணுத்தேன். "எக்கா, அங்க ஆயிரக்கணக்குல ஆளு இருக்கு. இங்க வாறவங்க ஒரு பஸ்ஸுக்குள்ள அடங்கிருவாங்க!" நீங்கள் நிதானமாக, "ஒரு பஸ் காணும், பிள்ளை" என்றீர்கள். பஸ்ஸைக் காணோம் என்கிறீர்களாக்கும் என்று நான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் ஊரில் காணும் என்றால் போதும் என்று புரிந்தபோது நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த வயிற்றில்தான் நோய் இருந்தது. புதுத் தளத்துக்குக் குடிபெயர்வது பாதியில் நிற்க, நீங்கள் ஊருக்குப் போனீர்கள். போனவர் போனவர்தான்.

மீதியை நான் முடித்தேன் அக்கா. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொருத்திக்கும் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று, ஒவ்வொரு போனாக வாங்கிச் சேர்த்துவிட்டேன். "இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. வந்தவர்கள் வந்தார்கள். மற்றவர்களை நான் திட்டவில்லை. பழைய குழுவை இழுத்து மூடினேன்.

என் கணக்கை மட்டும் மூட முடியவில்லை. அங்கேதானே உங்கள் படங்கள், உங்கள் நக்கல் எல்லாம் இருக்கிறது? உங்கள் இறப்புச் செய்தியும் அங்கே உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. யாராவது 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதுவார்கள். அது மேலே வரும். புதிதாய்ப் பார்ப்பவர் அதிர்ந்துபோய் இன்னொன்று எழுதுவார். பொறுக்கமாட்டாமல் நம் திருகோணமலை அக்கா ஒருநாள் அதன் கீழே கலாஸ் என்று போட்டார். அவ்வளவுதான், மறுநாள் எல்லார் போனிலும் நீங்கள் புதிதாகச் செத்துப்போனீர்கள்.

இன்று கேக்கும் பலூனும் வந்ததும் முடிவு செய்துவிட்டேன். ரூமுக்கு வந்து, நம் இரண்டு பேரும் கடற்கரையில் நிற்கிற அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கணக்கை அழித்துவிட்டேன். உங்கள் பிறந்தநாளை இனி எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டாம்.

பிறகு சின்னத் தளத்தைத் திறந்தேன். செல்வி எழுதியிருந்தாள். வேறு வீட்டு வேலைக்குத் திரும்பி வந்திருக்கிறாள். புதிதாய் வந்த பெண் ஒருத்திக்குத் தங்க இடம் கேட்டு முந்தாநாள் எழுதியிருந்தது அவள்தான். 'இடம் கெடைச்சிருச்சு, நானே கூட்டிக்கிட்டுப் போய் விட்டுட்டேன். கலாஸ்' என்று போட்டுப் பூட்டியிருந்தாள். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேலே ஏறவில்லை. போட்ட இடத்திலேயே கிடந்தது.

ஒரு பஸ் காணும், அக்கா.