மூன்று தட்டு போதாது

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுவது. போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை. அண்ணி குறுக்கே புகுந்து, "நல்லாத்தான் இருக்காரு" என்று வைத்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள், பிழை இருந்தால் சிரிக்காதே.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமாகியும் நீ கட்டிலை விட்டு இறங்கவில்லையாமே. டாக்டர் நடக்கச் சொன்னதற்கு, "இந்த வயசுல நடந்து எங்க போகப் போறேன்?" என்றாயாம். உன் மச்சானும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். பாவம் என்று சாப்பாட்டைக் கட்டிலுக்கே கொண்டுபோய் ஊட்டினேன். எட்டு மாதம். முதுகில் புண் வந்து அதிலேயே போனார். எல்லோரும் என்னை நல்ல பெண்டாட்டி என்றார்கள். அது இன்னும் குத்துகிறது.

அந்த இரும்புக் கட்டில் அப்படியே கிடக்கிறது. ஆஸ்பத்திரி விரிப்பையெல்லாம் வெளுக்கிற நான் அதன் விரிப்பை மட்டும் எடுக்கவில்லை.

அண்ணியிடம் சொல். சாப்பாட்டைச் சமையலறையிலேயே வைக்கட்டும். நீ எழுந்து போய்ச் சாப்பிடு. எனக்கு மிச்சம் நீ ஒருத்தன்தான்.

உன் தங்கச்சி

பிப்ரவரி 12

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு உன் அண்ணி சாப்பாட்டைச் சமையலறையில் வைத்தாள். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தேன். மறுநாள் அவளுக்கே மனசு கேட்காமல் கொண்டுவந்தாள். கூடப் பிறந்தவளுக்கு இல்லாத ஈரம் அவளுக்கு இருக்கிறது.

மச்சான் போனது அவர் விதி. அதை என் தலையில் கட்டாதே. இதையே எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.

அண்ணன்

பிப்ரவரி 27

அண்ணா,

வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

இடிவீரன் நினைவிருக்கிறதா? எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் டிவியில் பார்ப்போமே. எனக்கு எட்டாது என்று தோளில் ஏற்றிக்கொள்வாய். வாராவாரம் அவனை அடித்துத் தள்ளுவார்கள். தரையை மூன்று தரம் தட்டுவான், எழுந்துவிடுவான். நீயும் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருவெல்லாம் விழுந்து எழுந்தாய்.

நேற்று இடிவீரனாக நடித்தவரைப் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரி நடைப்பயிற்சி அறையில் விரிப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். கம்பியைப் பிடித்து நடந்த கிழவர் கால் மடங்கி விழுந்தார். எண்பத்தாறு வயசாம். முடி இல்லை, பல் இல்லை. அந்தத் தாடை மட்டும் மாறவில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் தூக்க ஓடினாள்.

"தொடாதம்மா," என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, தள்ளுவண்டித் தகரத்தில் மூன்று தட்டுத் தட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னும் தட்டும்மா. இப்போல்லாம் மூணு பத்த மாட்டேங்குது."

தட்டினேன். அறையில் இருந்தவர்களும் தட்டினார்கள். இருபத்திரண்டாவது தட்டில் எழுந்து நின்றார்.

"அப்போ ஷூட்டிங்ல கயிறு கட்டித் தூக்குனாங்க. இப்பதான் நானா எந்திரிக்கிறேன்," என்றார் மூச்சு வாங்கியபடி.

வெளியே வந்து அழுக்குத்துணி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன், அண்ணா. என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளாவது இப்படி நின்று தட்டினேனா? "படுத்துக்கோங்க, நான் பாத்துக்கறேன்" என்றே சொல்லிக் கொன்றுவிட்டேன்.

தங்கச்சி

ஏப்ரல் 2

தங்கச்சி,

ஐந்து வாரமாகப் பதில் போடவில்லை. கோபம்தான். உன்மேலா என்மேலா தெரியவில்லை.

நீ கொல்லவில்லை. அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாய். இனி அப்படி எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

இதைச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டிலிலிருந்து பதினேழு அடி. நடுவில் இரண்டு தரம் சுவரில் சாய்ந்துகொண்டேன். உன் அண்ணி கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்னக்கா, எதை ரிப்பேர் பண்றீங்க?" என்றார். "இந்த மனுஷனைத்தான்" என்றாள்.

வலி உயிர் போகிறது. பெரிதாக எதையும் எதிர்பார்க்காதே.

மச்சானின் அந்த இரும்புக் கட்டிலைத் தனியாக நகர்த்தாதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும். நடை கொஞ்சம் தேறட்டும், வருகிறேன். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்.

அதுவரை விரிப்பை மட்டும் எடுத்து நனைத்து வை.

அண்ணன்