பதினேழால் வகுபட்ட எண்

ஆனையூர், மதுரை
ஞாயிறு காலை

ரோகிணி அப்பாவுக்கு, தாமரைச்செல்வி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். மஸ்கட்டில் உங்களுக்கு இருமல் குறைந்ததா? போனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

மூன்றுகளை வரிசையாக எழுதிக் கடைசியில் ஒன்று போட்டால், எத்தனை மூன்று போட்டாலும் அது பகா எண்தான், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது என்று நம் மகள் சொன்னாள் அல்லவா? 31, 331, 3331 என்று ஏழு மூன்று வரை கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து சரிபார்த்தாள். அத்தோடு நிறுத்திவிட்டாள். பள்ளித் தாளாளர் விழாவே ஏற்பாடு செய்துவிட்டார். ஒத்தக்கடை பஸ் நிறுத்தம் வரை அவள் படம் போட்ட பேனர். நீங்களும் தங்கியிருக்கும் கேம்ப் முழுக்கச் சொல்லி வைத்தீர்கள்.

எட்டு மூன்று போட்டால் 33,33,33,331. முப்பத்து மூன்று கோடியைத் தாண்டிய எண். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவளுக்குக் கை சும்மா இருக்குமா? விழாவுக்கு முந்தின நாள் சின்னப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தேன். பதினேழில் மீதி வரவில்லை. கால்குலேட்டரிலும் போட்டேன். வரவில்லை.

உடனே உங்களைக் கூப்பிட்டேன். "விழா முடியட்டும், வாயத் தொறக்காத. அம்புட்டுப் பேருக்கு முன்னாடி பிள்ள அசிங்கப்படணுமா?" என்றீர்கள். நானும் சாயந்தரம் வரை பேசாமல்தான் இருந்தேன். அவள் கண்ணாடி முன் நின்று மேடைப் பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கணக்குப் போட்ட தாளை நீட்டினேன்.

தானும் வகுத்துப் பார்த்தாள். அழவில்லை. "நீ சொல்லாம இருந்திருக்கலாம்லம்மா. யாருக்குத் தெரியப் போகுது?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவில்லை. நேற்றுக் காலை தலைவாரிச் சீருடையோடு வந்து நின்றாள். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஆட்டோவில் வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேடையில் ஏழு எண்களையும் பலகையில் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். எட்டாவதை எழுதி, பக்கத்தில் சமக்குறி போட்டு, 17 × 1,96,07,843 என்று எழுதினாள். "இது பகா எண் இல்ல. நான் சொன்ன விதி தப்பு. ஏழு வரைக்கும் சரியா வந்ததால எப்பவும் வரும்னு நம்பிட்டேன்" என்றாள். யாரும் கைதட்டவில்லை. தாளாளர் மைக்கை வாங்கி, தேசிய கீதம் பாடச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "விழாவுக்கு முன்னாடியேவா?" என்றாள். அடுப்பைப் பார்ப்பதுபோல் எழுந்து போய்விட்டேன்.

நேற்றிலிருந்து போன் மணி அடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறாள். நீங்கள் கூப்பிடவில்லை. உங்களுக்கும் கேம்பில் முகம் காட்டக் கஷ்டமாக இருக்கும், தெரிகிறது. ஆனாலும் இன்றைக்குக் கூப்பிடுங்கள். பேனரைப் பற்றியும் தாளாளரைப் பற்றியும் பேச வேண்டாம். அவள் கேட்டும் நான் சொல்லாமல் விட்டதை நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். அவள் தாங்குவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தாமரைச்செல்வி