பின் சீட்டில் பெட்ரோல் வாசனை

மார்ச் 3, செவ்வாய்

கார்க் கதவைத் திறந்தால் இன்றும் பெட்ரோல் வாசனை. பின் சீட்டில்தான், பாப்பாவின் நாற்காலியைக் கட்டியிருக்கும் பக்கம். ஞாயிறு சர்ச்சுக்குப் போய் வந்ததிலிருந்து மஞ்சள் இன்ஜின் விளக்கும் அணையவில்லை. என் வீட்டுக்காரர் பென்னி தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தார். "ஒண்ணியும் வரல. எல்லாத்துக்கும் ஏன்மே பயந்துகினு கீற?"

பிரசவத்துக்குப் பிறகு கேஸை மூடினேனா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறவள் நான். மூக்கும் பொய் சொல்கிறதோ? ஆனால் நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, எட்டு மாதப் பிள்ளையை அவர் கவரைப்பேட்டையில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போவது அந்தக் காரில்தான். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு.

மார்ச் 5

காரிலிருந்து இறங்கியதும் பாப்பா வாந்தி எடுத்தாளாம், அத்தை போன். பால் ஒத்துக்கொள்ளவில்லையா? பெட்ரோல் நெடியா?

மார்ச் 7, சனி

மெக்கானிக் தேசப்பன் பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றி, விளக்கை அணைத்துக் கொடுத்தார். "பெட்ரோல் ஒழுகல சிஸ்டர், ஆவி கசியுது. டேங்க்ல கிளம்புற ஆவி வெளிய போகாம இன்ஜினுக்கே போக ஒரு லைன் கீது. அதுல ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் லைட்டு வந்துடும். இப்டி வர்ற வண்டில பாதிக்கு மூடிதான் கோளாறு."

மீதிப் பாதி?

மார்ச் 10

விளக்கு மறுபடி எரிகிறது. இன்று பாப்பாவை ஆட்டோவில் கொண்டுபோகிறேன் என்றேன். பென்னி கேட்காமல் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து போனில் எரிந்த கார்களாகப் பார்த்துத் தொலைத்தேன். அவரைக் கூப்பிட்டேன் — எடுக்கவில்லை. திரும்பவும் — எடுக்கவில்லை. எடுங்க, எடுங்களேன். தச்சூர் கூட்ரோடு டிராஃபிக்ல நிக்கிறாரா, இல்ல...

அத்தையைக் கூப்பிட்டேன், எடுத்தார். பின்னால் பாப்பா கத்துகிற சத்தம். கத்தட்டும். நல்லா கத்தட்டும்.

"இப்பதான் எறக்கிட்டுப் போறான். பேஜாரு பண்ணாதம்மா."

மார்ச் 14, சனி

தேசப்பன் செங்குன்றத்திலிருந்து, கசிவைக் கண்டுபிடிக்கும் புகை மெஷின் வாங்கி வந்திருந்தார். ஆவி போகும் குழாய்க்குள் வெள்ளைப் புகையை மெதுவாக விட்டார். எங்கும் வெளியே வரவில்லை. நான்தான் பைத்தியம் என்றே நினைத்துவிட்டேன். பின் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த தகட்டைக் கழற்றினார் — ரப்பர் ஹோஸில் எலி கடித்த தடம். அதிலிருந்து நூல் போலப் புகை. பாப்பா உட்காரும் இடத்துக்கு நேர் கீழே.

குப்பென்று வந்த நெடியில் தேசப்பனே இருமிக்கொண்டு விலகினார். நான் துப்பட்டாவால் பாப்பாவின் முகத்தை மூடினேன். பென்னி மட்டும் அந்த ஓட்டைக்கு மேலேயே குனிந்திருந்தார்.

"புகை தெரியுது. வாசனை எங்கப்பா?"

"யோவ் பென்னி, சிஸ்டர ஓட்டுறதுக்கு ஒரு அளவு வேணாமா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே மோந்து மோந்து தேடிக்கொண்டிருந்தார்.

மார்ச் 15

புது ஹோஸ் போட்டாயிற்று. விளக்கு இல்லை, நெடி இல்லை.

கண்ணை மூடச் சொல்லி, வறுத்த கருவாட்டைப் பென்னியின் மூக்கருகே நீட்டினேன். "இன்னாது, தோசையா?" இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் நாலு வருஷமாக ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறார். "சளின்னு நெனச்சிகினு இருந்தேன்மே." இந்த மூக்கை நம்பியா பிள்ளையை ஏற்றி அனுப்பினேன்?

மார்ச் 20

டாக்டர் சொன்னது: பெயிண்ட் பக்கமே போகக் கூடாது. வாசனை திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். திங்கள் முதல் அவருக்குப் பேக்கிங்கில் வேலை.

மார்ச் 22, ஞாயிறு

பாப்பாவைக் குளிப்பாட்டி அவர் கையில் கொடுத்தேன். உச்சந்தலையில் மூக்கை வைத்து வெகுநேரம் இழுத்தார்.

"பொறந்தப்ப எனக்கு வந்துச்சான்னே ஞாபகம் இல்ல. இன்னா வாசனைமே வருது?"

சோப்பு, பவுடர், அதுக்கு அடியில் பால் என்றேன்.

"இன்னும் சொல்லு" என்றார்.